‘புதையல்’ மட்டும் போதுமா? ஒரு கலைச்சொல் பரிந்துரை

> ‘புதையல்’ என்றே வைத்துக்கொள்வோம். எல்லாருக்கும் விளங்கும்.

விளங்கும் அம்மா. நம் சொற்பட்டியலில் ‘treasure’ என்ற சட்டச்சொல்லுக்கு நீங்கள் சொல்லும் ‘புதையல்’ எளிதுதான். ஆனால் எங்கள் ராமநாதபுரம் கரையில் அந்த ஒரே சொல் இரண்டு வேறு பொருள்களைச் சுமக்கிறது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி மணல் மூடிய ஒரு பித்தளைக் குடத்தை எண்ணிப் பாருங்கள். யாரோ காசைப் பானையிலிட்டுப் பனையடியில் புதைத்ததையும் எண்ணிப் பாருங்கள். முன்னது புதைந்தது, பின்னது புதைத்தது. வினையில் இருக்கும் இந்த வேறுபாடு ‘புதையல்’ என்ற பெயரில் காணாமல் போகிறது.

1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தைத் தமிழில் சொல்லும்போது நான் இடறியதும் இங்கேதான். மண்ணுக்குள் ‘மறைந்துள்ள’ பொருள் என்பதா, ‘மறைத்து வைத்த’ பொருள் என்பதா? கண்டெடுத்த நாளுக்கு முந்திய 100 ஆண்டுக்குள், உரிமை கோரி வந்தவரோ, யார் வழியாக அவர் கோருகிறாரோ அவரோ அதை மறைத்தாரா என்று ஆட்சியர் பார்க்க வேண்டும் என்கிறது 7ஆம் பிரிவு. மறைத்த கை ஒன்று உண்டு என்ற எண்ணம் சட்டத்துக்குள் இருப்பதாகவே நான் படிக்கிறேன்.

அதனால் ‘மறைவைப்பு’ என்று வைக்கலாமா? ‘வைப்பு’ நமக்குப் பழைய சொல். ஏழையின் பசி தீர்ப்பதே பொருளைச் சேர்த்து வைக்கும் இடம் என்னும் குறளில் ‘பொருள்வைப்புழி’ வருகிறது. திருக்கோளூர்ப் பெருமாளுக்குப் பெயரே வைத்தமாநிதி. தானாக மண்மூடியதற்குப் ‘புதைபொருள்’ இருக்கட்டும். எங்கள் மாவட்டத்து அழகன்குளம் அகழாய்வைப் பற்றிப் பேசுவோருக்கு அது பழகிய சொல்.

‘நிதி நிட்சேபம்’ (புதைந்த செல்வம்) என்றே வைக்கலாமே என்று கேட்ட நண்பருக்கு: கிரயப் பத்திரத்தில் ‘நிதி நிட்சேப ஜல தரு பாஷாண’ என்று புதையல், நீர், மரம், கல் எல்லாவற்றையும் சேர்த்து ஓடும் வரி எனக்கும் பிடிக்கும். ஆனால் அது நிலத்தோடு கைமாறும் உரிமையின் பெயர். கடலோரப் புறம்போக்குக்குக் கிரயப் பத்திரம் ஏது?

---

தம்பி, வாதம் சரி, சொல்தான் உறுத்துகிறது. அந்தச் சட்டப்படி, மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே என்ன பொருள், எவ்வளவு, எங்கே, எந்த நாளில் கிடைத்தது என்று ஆட்சியருக்கு எழுதித் தர வேண்டும். தராதவருக்குக் கண்டெடுத்தவர் என்ற முறையில் கிடைக்கும் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் வரலாம். கரையில் நின்று வலை இழுக்கும்போது மணலுக்குள் காசுப்பானை காலில் தட்டுப்பட்ட ஒருவரிடம் ‘மறைவைப்பு’ என்று அச்சடித்த தாளை நீட்டினால், நான்தான் மறைத்தேன் என்கிறார்களோ என்று பதறிவிடுவார். அப்புறம் அவர் எங்கே தாலுகா ஆபீஸ் பக்கம் வருவார்?

‘புதைவைப்பு’ என்று பாருங்கள். புதையலின் ஓசையும் இருக்கிறது, வைத்த கையும் இருக்கிறது.

---

ஒப்புக்கொள்கிறேன் அம்மா. அந்த மனிதரின் பயத்தை நான் நினைக்கவே இல்லை. சொற்பட்டியலில் ‘புதைவைப்பு’ என்று திருத்திவிட்டேன். கடலடியில் கிடப்பதை இதில் சேர்க்கவில்லை. ஆட்சிக்கடல் (கரையை ஒட்டி நாட்டின் ஆட்சிக்குட்பட்ட கடல்பகுதி) எல்லைக்குள் நீருக்கடியில் உள்ள மதிப்புள்ள பொருள்கள் அரசியலமைப்பின் 297ஆம் உறுப்பின்படி ஒன்றிய அரசைச் சேர்ந்தவை. அதற்குத் தனிச்சொல் வேண்டும், தொண்டிப் பக்கம் சங்கு குளித்தவர்களைக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.