மறுமொழி: 'செட்பேக்' – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களே, வணக்கம்.

வீட்டில் ஆள் இல்லாதபோதும் இரவிலும் சூடேற்றியோ ஏசியோ குறைவாக ஓடும்படி தெர்மோஸ்டாட்டில் (வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவியில்) எண்ணை மாற்றி வைப்பதுதான் 'செட்பேக்'. நாம் தயாரிக்கும் வீட்டுப் பராமரிப்புக் கையேட்டில் அதற்குப் பின்னிறக்கம், ஓய்வு வெப்பநிலை, விடுப்பு நிலை என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்து முடித்துக்கொள்ளலாம் என்று போன மடலில் கேட்டிருந்தீர்கள். எனக்கு மூன்றுமே ஒப்பவில்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டிசம்பரில் டொரொண்டோவில் வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கிளம்பும் ஒருவர் நம் கையேட்டைப் படித்துத்தான் சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டில் ஓர் எண்ணை வைக்கப் போகிறார். சொல் தவறான எண்ணம் கொடுத்தால் அவர் வீட்டுக் குழாய் வெடிக்கும்.

> 'ஓய்வு வெப்பநிலை' எளிமையாக இருக்கிறது, ஏசியை அணைத்து வைப்பதும் ஓய்வுதானே?

இந்த வரிதான் என்னை எழுத வைத்தது. நம் ஊரில் ஊருக்குப் போகும்போது ஏசியை அணைத்துவிட்டுப் போவோம், அதோடு சரி. அங்கே இந்தக் கலைச்சொல்லுக்கே வேலை இல்லை. குளிர்நாட்டில் அணைக்க முடியாது. மைனஸ் 20-ஐத் தொடும் இரவுகளில் ஃபர்னஸ், அதாவது வீட்டைச் சூடாக்கும் உலை, நின்றுவிட்டால் வெளிச்சுவரை ஒட்டி ஓடும் தண்ணீர்க் குழாய்தான் முதலில் உறையும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். பனிக்கட்டிக்கும் மூடிய குழாய்வாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீரில் அழுத்தம் ஏறிக்கொண்டே போய்க் குழாய் பிளக்கும், ஆனால் பனி இளகும்வரை அது வெளியே தெரியாது, இளகியபின் ஆளில்லாத வீட்டில் நாள் கணக்கில் தண்ணீர் கொட்டும். அதனால்தான் வெளியூர் போனாலும் 55 பாரன்ஹீட்டுக்கு, அதாவது சுமார் 13 செல்சியஸுக்கு, கீழே இறக்காதீர்கள் என்று அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் சொல்கிறது. ஃபர்னஸ் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், குறைவாக ஓட வேண்டும், அவ்வளவுதான். 'ஓய்வு' என்று படிப்பவர் அணைத்துவிடுவார். தமிழர் நிறைய வாழும் டொரொண்டோவின் ஸ்காபரோ பகுதியில் பெரியவர்கள் "ஹீற்றரைக் குறைச்சு விட்டிட்டுப் போ" என்றுதான் சொல்கிறார்கள், யாரும் அணைத்துவிட்டுப் போ என்று சொல்லக் கேட்டதில்லை. அந்தப் பேச்சு வழக்கில் இருக்கும் தெளிவு நம் கலைச்சொல்லிலும் இருக்க வேண்டும்.

அப்புறம் 'பின்னிறக்கம்'. ஆங்கிலத்தின் இரண்டு துண்டுகளையும் அப்படியே தமிழில் ஒட்டியிருக்கிறோம், 'பின்' இங்கே எதற்கு என்று படிப்பவருக்குப் புரியாது. அதைவிடப் பெரிய சிக்கல் 'இறக்கம்'. ஆங்கிலச் சொல்லே குளிர்காலத்தை மனதில் வைத்து வந்தது. 1977 பிப்ரவரியில் அப்போதைய அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் தொலைக்காட்சியில் தோன்றி, வீட்டில் பகலில் 65, இரவில் 55 பாரன்ஹீட் வைத்துக்கொள்ளுங்கள் என்று அமெரிக்கர்களைக் கேட்டுக்கொண்ட காலத்தில் பேச்செல்லாம் சூடேற்றும் செலவைப் பற்றித்தான். கோடையில் இது தலைகீழ். நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறவர் ஆகஸ்டில் வீட்டைப் பூட்டும்போது எண்ணை 24 செல்சியஸிலிருந்து 28-க்கு ஏற்றி வைப்பார். ஆங்கிலத்தில் சிலர் அதற்கு 'செட்டப்' என்று தனிச்சொல் போட்டிருக்கிறார்கள். நாமும் இறக்கம், ஏற்றம் என்று இரண்டு சொல் வைத்தால், கையேட்டில் ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு முறை எழுத வேண்டிவரும்.

இரண்டுக்கும் பொதுவானது என்ன என்று யோசித்தேன். இன்றைய தெர்மோஸ்டாட்டில் தானியங்கி நிலையில் இரண்டு எண்கள் இருக்கும். வெப்பம் கீழ் எண்ணுக்கு இறங்கினால் சூடேற்றும், மேல் எண்ணுக்கு ஏறினால் குளிரூட்டும், நடுவில் எதுவும் செய்யாது. ஆள் இருக்கும்போது 21-க்கும் 24-க்கும் நடுவில் இறுக்கிப் பிடிக்கிறோம். ஆள் இல்லாதபோது அதையே 14-க்கும் 28-க்கும் நடுவில் தளர விடுகிறோம். பிடியை விடவில்லை, தளர்த்துகிறோம். எனவே என் பரிந்துரை தளர்வு. முழுப்பெயர் வெப்பத்தளர்வு. எத்தனை டிகிரி தளர்த்துகிறோம் என்பது தளர்வளவு, பொத்தானில் எழுதுவதற்குத் தளர்நிலை. குளிர்காலத்தில் எண் இறங்கினாலும் கோடையில் ஏறினாலும் சொல் மாறாது, 'அணை' என்ற பொருளும் எட்டிப் பார்க்காது.

'தளர்த்து' என்றால் திருகாணியைத் தளர்த்துவது போல் தோன்றும் என்று யாராவது சொல்லலாம். கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள், விதியைத் தளர்த்தினார்கள் என்று நாளிதழில் தினமும் படிக்கிறோமே, அந்தப் பொருளில்தான் இது வருகிறது. வெறும் வினையாக எழுதாமல் 'வெப்பத்தளர்வு 7 டிகிரி' என்று எழுதினால் குழப்பமே வராது.

விடுப்பு நிலை என்பது பொத்தானின் பெயராக மட்டும் இருந்தால் தப்பில்லை. ஆனால் தளர்வு ஊருக்குப் போகும்போது மட்டும் நடப்பதில்லையே. தினமும் வேலைக்குப் போகும்போதும் இரவு தூங்கும்போதும் நடக்கிறது. நாளுக்கு 8 மணி நேரம் 7 முதல் 10 பாரன்ஹீட் வரை தளர்த்தினால் ஆண்டுச் செலவில் 10 சதவீதம் வரை மிச்சமாகலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்வது இந்த அன்றாடத் தளர்வைப் பற்றித்தான்.

கையேட்டில் இன்னொன்றும் சேர்க்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். "குறைத்துவிட்டுப் போனால் திரும்பி வந்து மறுபடி சூடேற்ற அதைவிட அதிகம் செலவாகும்" என்று நம்பி, மாதக்கணக்கில் 21-லேயே விட்டுப் போகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். வீட்டிலிருந்து வெளியேறும் வெப்பம் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. வெளியே மைனஸ் 5, உள்ளே 21 என்றால் வித்தியாசம் 26. உள்ளே 14 என்றால் 19. இழப்பு கால் பங்குக்கு மேல் குறைகிறது, அது வீடு தளர்ந்திருக்கும் நாள் முழுக்கத் தொடர்கிறது. திரும்பி வந்து ஏற்றும் செலவு ஒருமுறைதான். ஹீட் பம்ப் (வெளியிலிருக்கும் வெப்பத்தை உள்ளே இழுத்துச் சூடேற்றும் கருவி) உள்ள வீட்டில் மட்டும் கவனம் தேவை. எண்ணைச் சட்டென்று உயர்த்தினால் செலவு கூடிய மின்சூடேற்றி துணைக்கு வந்துவிடும் என்பதால், வந்து சேரும் நாளுக்கு முன்பிருந்தே மெதுவாக ஏற்ற வேண்டும். நீண்ட பயணத்துக்கு அங்கேயும் தளர்வு லாபம்தான். இப்படிப் பழைய எண்ணுக்குத் திரும்புவதற்கு 'மீள்வு' என்று வைக்கலாமா? 'மீள்சூடேற்றம்' என்று ஒருவர் எழுதியிருந்தார், கோடைக்கு அது பொருந்தாது.

கோடைக்கு ஒரு வரம்பும் சொல்லியாக வேண்டும். ஃப்ளோரிடா போன்ற ஈரப்பதம் மிகுந்த இடத்தில் குளிரூட்டியை நிறுத்திவிட்டுப் போனால் பூஞ்சை பிடிக்கும். ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் போகாமல் பார்க்க வேண்டும், வெப்பநிலை எண்ணை மட்டும் பார்த்துத் தளர்த்தினால் போதாது. அதனால் 'ஈரத்தளர்வு' என்ற சொல்லைக் கையேட்டில் எங்கும் பயன்படுத்தாதீர்கள். வெப்பத்தைத் தளர்த்தலாம், ஈரத்தைத் தளர்த்தக் கூடாது.

தண்ணீரின் முதன்மை வால்வை மூடுவது, காப்பீட்டு ஒப்பந்தத்தைப் படிப்பது இரண்டையும் தளர்வுப் பக்கத்திலேயே வையுங்கள். கனடாவில் பல ஒப்பந்தங்களில், சூடேற்றும் பருவத்தில் 4 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் தண்ணீரை மூடி வடித்திருக்க வேண்டும் அல்லது யாராவது வந்து வீட்டைப் பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் உறைவுச் சேதத்துக்குப் பணம் கிடைக்காது.

தெர்மோஸ்டாட்டுக்கே தமிழ்ச்சொல் தேடும் பேச்சைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். அச்சுக்குப் போவதற்குள் தளர்வு, தளர்வளவு, தளர்நிலை, மீள்வு ஆகிய நான்குக்கும் மறுப்பு இருந்தால் எழுதுங்கள். முக்கியமாக, இலங்கை வழக்கில் 'மீள்வு' காதுக்கு எப்படி இருக்கிறது என்று அங்குள்ளவர்கள் சொன்னால் நல்லது.