17ஆம் எண் தட்டு

ஐந்து வயதில் தத்து வந்த மகள் இட்லியைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைக்கிறாள், கண்டித்தால் அழாமல் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்வையிட வரும் சமூகப் பணியாளரிடம் இதைச் சொன்னால் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது, இந்தப் பழக்கம் எப்போது நிற்கும் என்று இங்கே ஒரு தாய் கேட்டு எழுதியிருந்தார். அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நானும் நின்றிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஒரு வயது கடந்ததும் தம்பி பிறந்தான். தாய்ப்பால் நின்றுபோய் மெலிந்த பிள்ளையை நம் ஊரில் சவலை என்பார்கள். ஆப்பிரிக்காவின் கானா நாட்டு மக்களும் இதே நிலைக்கு, அடுத்த பிள்ளை வந்ததும் மூத்ததற்கு வரும் நோய் என்று பொருள்படும் ஒரு பெயரை வைத்திருந்தார்கள். 'குவாஷியோர்கர்' என்ற அந்தப் பெயரை 1935இல் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் அப்படியே மருத்துவ நூல்களுக்குள் கொண்டுவந்தார். என்னைப் பெற்றவள் தம்பியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனாள், திரும்பவில்லை. அப்பா வேலைக்குப் போகும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு போவார், சில நாள் இரவிலும் வரமாட்டார். பக்கத்து வீட்டுப் பாட்டி சன்னல் கம்பி வழியாகச் சோற்றை உருட்டிக் கொடுப்பார். அவர் வராத நாட்களில் பச்சை அரிசியையும், நகத்தால் சுரண்டிய சுவர்ச் சுண்ணாம்பையும் தின்றிருக்கிறேன். சுண்ணாம்பு நாக்கில் ஒட்டிக்கொள்ளும் அந்தக் கரகரப்பு இன்றும் நினைவிருக்கிறது, பெற்றவளின் முகம் இல்லை. 1991இல் அந்தப் பாட்டியே ஆள் திரட்டிப் பூட்டை உடைத்தபோது எனக்கு நான்கு வயது. அந்த வயதுப் பெண் குழந்தை சராசரியாக 16 கிலோ இருக்க வேண்டும். மருத்துவமனைச் சீட்டில் என் எடை 9 கிலோ 400 கிராம் என்றிருக்கிறது.

அடுத்த இரண்டு ஆண்டுகள் ஓர் இல்லத்தில் இருந்தேன். அதைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. அங்கே எல்லாத் தட்டுகளின் அடியிலும் சிவப்புப் பெயின்டில் எண் எழுதியிருக்கும். என்னுடையது 17. சோறு அளவாகத்தான் கிடைக்கும், ஆனால் 17ஆம் எண் தட்டு வேறொருவர் கைக்குப் போகாது. அதுவே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

என்னைத் தத்தெடுத்தவர்கள் கும்பகோணத்துக்காரர்கள். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டப்படி, பெற்றோரால் கைவிடப்பட்ட பிள்ளையைக் காப்பாளர் தத்துக் கொடுக்க வேண்டுமானால் நீதிமன்ற அனுமதி வேண்டும், பிள்ளையின் வயதுக்கும் விவரத்துக்கும் ஏற்ப அதன் விருப்பத்தையும் நீதிமன்றம் கருதிப் பார்க்க வேண்டும். (இப்போது 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் வழியாக வரும் பிள்ளைகளுக்கு 2022 முதல் மாவட்ட ஆட்சியரே ஆணை தருகிறார்.) நீதிபதி என்னிடம், இவர்களோடு போகிறாயா என்று கேட்டாராம். என் தட்டையும் எடுத்துக்கொண்டு போகலாமா என்று நான் திருப்பிக் கேட்டேனாம். அப்பா இன்றும் இதைச் சொல்லிச் சிரிப்பார், அம்மா அந்த இடத்தில் எழுந்து உள்ளே போய்விடுவார்.

தட்டை எடுத்துவர முடியவில்லை. புது வீட்டில் தந்த தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சாப்பிட மறுத்தேன். இரண்டு வேளை பொறுத்த அம்மா, மூன்றாம் வேளைக்கு முன் என்னைப் பாத்திரக் கடைக்கு அழைத்துப் போய்ப் புதுத் தட்டு ஒன்று வாங்கி, அதில் பெயர் வெட்டச் சொன்னார். கடைக்காரர் இனிஷியல் என்ன என்று கேட்டபோது அம்மா ஒரு நொடிகூட யோசிக்காமல் அப்பாவின் முதலெழுத்தைச் சொன்னார். அந்தச் சிறு இயந்திரம் கடகடவென்று எவர்சில்வரைக் கொத்தியபோது எனக்குப் பல் கூசியது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாததால் பெயருக்குக் கீழே 17 என்றும் வெட்டச் சொல்லி அழுதேன். அதையும் வெட்டினார்கள்.

ஆனாலும் ஒளித்து வைப்பது நிற்கவில்லை. அரிசிப் பானைக்குப் பின்னால் தோசை, பாவாடை மடிப்பில் சர்க்கரை, தலையணைக்குள் வடை. எறும்பு வந்துதான் காட்டிக்கொடுக்கும். அம்மா ஒருமுறை அடித்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோபமே வராத தாய்மார்களைப் பற்றிப் படித்துவிட்டு நீங்கள் உங்களையே வெறுக்கக் கூடாது. மறுநாள் ஒரு பழைய முறுக்கு டின்னைக் கழுவி, கெட்டுப்போகாத பொட்டுக்கடலையும் பொரியுருண்டையும் நிரப்பி, என் பாய்க்குப் பக்கத்தில், என் கைக்கு எட்டுமாறு வைத்தார். இதில் கை வைக்க யாரிடமும் கேட்க வேண்டாம் என்றார். ஒவ்வோர் இரவும் விளக்கை அணைக்கும் முன் டின்னைத் திறந்து, நிறைந்திருப்பதை என் கண்ணுக்குக் காட்டிவிட்டு மூடுவார்.

பக்தி என் அப்பாயி வழியாக வந்தது. முதலில் அவர்தான், யார் வயிற்றுப் பிள்ளையோ என்று என்னைத் தள்ளி வைத்தவர். ஆனால் கண்புரையால் எழுத்து மங்கிப்போனதால், நான் எழுத்துக் கூட்டக் கற்றதும், திங்கட்கிழமைதோறும் திருவாசகத்தை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். திருச்சாழல் தெரிந்திருக்கும்: ஒருத்தி சிவனைப் பழித்துக் கேட்க, இன்னொருத்தி விடை சொல்லும் விளையாட்டு. அதில் 'தாயுமிலி தந்தையிலி தான்தனியன் காணேடீ' என்ற வரியில் நான் நின்றுவிட்டேன். சாமிக்கும் யாரும் இல்லையா என்று கேட்டேன். அப்பாயி வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஆமாடி, அவனும் ஒத்தையாளுதான்" என்றார். பள்ளியில் என்னைச் சொல்லிக் காட்டிய சொற்களைக் கோயிலில் வைத்துப் பாடுகிறார்கள் என்பது ஒன்பது வயதில் எனக்கு எப்படி இருந்தது என்பதை விளக்கத் தெரியவில்லை. பசித்த நாட்களில் இவன் எங்கே போயிருந்தான் என்று பின்னாளில் சண்டையும் போட்டிருக்கிறேன். விடை கிடைக்கவில்லை, ஆனால் சண்டை போட ஓர் ஆள் கிடைத்தான்.

ருமேனியாவின் இல்லங்களில் வளர்ந்த 136 குழந்தைகளை 2000ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போன பிள்ளைகள், பிந்திப் போனவர்களைவிடப் பல வகையில் நன்றாகத் தேறினார்கள் என்பது அதன் முடிவுகளில் ஒன்று. ஏறக்குறைய ஆறு வயதில் குடும்பத்துக்கு வந்த எனக்கு அதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை. அது கூட்டத்தைப் பற்றிய கணக்கு, உங்கள் மகளுக்கான ஜாதகம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். சமூகப் பணியாளரிடம் மறைக்காதீர்கள். இரண்டு ஆண்டுகள் அவர் வந்து போவது பிள்ளை வீட்டில் எப்படிப் பொருந்துகிறது என்று பார்க்கவும், தடுமாறினால் கைகொடுக்கவும்தான்.

எப்போது நிற்கும் என்று கேட்டிருந்தீர்கள். ஏழாம் வகுப்பில் ஒருநாள் டின்னைத் திறந்தபோது சிக்கு வாடை அடித்தது. நான் பல வாரங்களாக அதைத் தொடவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அம்மாவும் எப்போதோ இரவில் திறந்து காட்டுவதை விட்டிருந்தார். அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் கடலையைக் கொட்டிவிட்டு, டின்னைக் கழுவி, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து, சாயங்காலம் மறுபடியும் நிரப்பி வைத்தார்.