அஃபேசியா வந்த அப்பாவை மறுபடி 304 மேசைக்குக் கூட்டிப்போகலாமா?

ஸ்காபரோ மகன்:
அப்பாவுக்குப் போன குளிர்காலத்தில் பாரிசவாதம் வந்தது. இடப்பக்க மூளை. நடை தேறிவிட்டது, வலது கை இன்னும் சோர்வு, பேச்சுத்தான் சிக்கல். மூளை பாதிக்கப்பட்டதால் சொல் சரியாக வராமல் போகும் இதைத்தான் அஃபேசியா என்கிறார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் "சாவி" என்கிறார். பிழையான சொல் என்று அவருக்கே தெரிகிறது, தலையில் அடித்துக்கொள்கிறார். ஆனால் தேவாரத்தைப் பிசகாமல் பாடுகிறார். அதனால் சொந்தக்காரர் சிலர், "வேண்டுமென்றே கதைக்காமல் இருக்கிறார்" என்கிறார்கள்.

ஊரில் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். இங்கே கனடாவுக்கு வந்த பிறகு, சனிக்கிழமை பின்னேரம் சிநேகிதர் வீட்டு பேஸ்மென்டில் 304 என்ற சீட்டாட்டம் விளையாடுவதுதான் அவருக்கு எல்லாமே. இந்த வருத்தம் (நோய்) வந்த பின் ஒருமுறை கூட்டிப்போனேன். அன்பான மனிதர்கள்தான், ஆனால் அப்பாவுக்குக் காது கேட்காததுபோலக் கத்திக் கதைத்தார்கள். "அப்பா தேத்தண்ணீர் குடிப்பாரா?" என்று என்னைக் கேட்டார்கள். கேள்வி கேட்கும் (எத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏலம் சொல்லும்) முறை வந்தபோது அப்பா 170 என்று சொல்ல நினைத்து வேறெதையோ சொன்னார். ஒருவர் சிரித்துவிட்டார். அப்பா சீட்டுகளைக் கவிழ்த்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

பேச்சு திரும்பட்டும், பிறகு போகலாம் என்கிறார் அம்மா. காத்திருக்கத்தான் வேண்டுமா?

மார்க்கம் அக்கா:
தம்பி, காத்திருக்காதீர்கள். தேர்ச்சி முதல் மாதங்களில் வேகமாக வரும், பிறகு மெல்ல மெல்ல வருடக்கணக்கில் போகும். அதுவரை உங்கள் அப்பாவின் நாற்காலியை யாரும் காலியாக வைத்திருக்க மாட்டார்கள். என்னவருக்கும் இதே வருத்தம்தான். எங்கள் வீட்டுக்கு வந்துபோன கூட்டத்தில் பாதிப்பேர் என்ன கதைப்பது என்று தெரியாமலேயே நின்றுவிட்டார்கள்.

முதலில் அந்த மேசையில் இருக்கும் மற்ற மூன்று பேரையும் பழக்குங்கள். 304 இதற்கு வசதியான விளையாட்டு. துரும்பை (துருப்புச் சீட்டை) கவிழ்த்துத்தானே வைக்கிறோம்? ஜாக் 30, ஒன்பது 20 என்ற கணக்கெல்லாம் மனதுக்குள் ஓடுவது. வாய் வேண்டிய முக்கிய இடம் கேள்வி ஒன்றுதான். 160இல் தொடங்கிப் பத்துப்பத்தாகத் தடித்த எழுத்தில் அட்டைகள் எழுதுங்கள், "பாஸ்" என்று ஒன்று. நான்கு பேரும் அட்டையைத் தூக்கித்தான் கேட்க வேண்டும். அவருக்கு மட்டும் கொடுத்தீர்களோ, சின்னப்பிள்ளைக்கு விட்டுக்கொடுப்பதுபோல ஆகிவிடும். அதற்கு வீட்டிலேயே இருக்கலாம் என்று நினைப்பார். கை சோர்ந்திருப்பதால் சீட்டுகளை நிறுத்திவைக்கப் பள்ளம் வெட்டிய மரக்கட்டை வாங்குங்கள், கடைகளில் கிடைக்கும்.

மேசைக்குச் சில சட்டங்களும் வேண்டும். தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஓடக்கூடாது (சண்டை வரும், வரட்டும்). ஒருவர் கதைக்கும்போது மற்றவர் குறுக்கே விழக்கூடாது. "தேத்தண்ணீர்", "கோப்பி" என்று இரண்டு சொல் எழுதி அவர் முன் வைத்து, அவரையே கேட்க வேண்டும். "ஓம்" என்பார், மனதில் "இல்லை" இருக்கும். ஆகவே கட்டைவிரலையும் காட்டச்சொல்லி உறுதிசெய்ய வேண்டும். விளங்காததை விளங்கியதுபோலத் தலையாட்டுவதுதான் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. என்னவர் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்.

ரொறன்ரோவில் அஃபேசியா இன்ஸ்டிடியூட் இருக்கிறது, 1979இல் தொடங்கியது. பேச்சு சிகிச்சை நிபுணர் ஓரா கேகன் வகுத்த உரையாடல் முறையை அங்கே கற்றுக்கொடுக்கிறார்கள். சொல் சிக்கும்போது, "உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்" என்று வாய்விட்டுச் சொல்வது அதில் ஒன்று. நான் தமிழில் சொல்கிறேன். அவருடைய கோபம் பாதி இறங்கிவிடும்.

பேச்சுப்பயிற்சி, சென்னை:
தேவாரம் பற்றி உறவினர்களிடம் சொல்லுங்கள்: சிறுவயதிலிருந்து ஓதி மனதில் பதிந்த பாட்டு வருவதும், புதிதாக ஒரு வாக்கியம் அமைப்பதும் மூளைக்கு வேறு வேறு வேலை. 1861இல் பாரிஸில் மருத்துவர் பால் புரோக்கா பரிசோதித்த நோயாளி எதைக் கேட்டாலும் "டான்" என்றே சொன்னார், கேட்பதைப் பெரும்பாலும் புரிந்துகொண்டார். உங்கள் அப்பா நடிக்கவில்லை. எழுத்துப் பலகை கொடுத்தால் சரியாகிவிடும் என்றும் யாராவது சொல்வார்கள். அஃபேசியா வாசிப்பையும் எழுத்தையும் பாதிக்கும் என்பதால் பலருக்கு அது உதவாது. தெரிந்த சொல், எண், படம் இவை மேல்.

சனிக்கிழமை ஆட்டத்தையே இலக்காக வைக்கும்படி அவருடைய சிகிச்சையாளரிடம் கேளுங்கள். வாழ்க்கையில் பங்கேற்பதிலிருந்தே சிகிச்சையைத் தொடங்கும் அணுகுமுறையை அமெரிக்க, கனடிய நிபுணர்கள் 2000ஆம் ஆண்டையொட்டியே முன்வைத்துவிட்டார்கள்.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு: 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அஃபேசியாவைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

மெதுவாக எழுதுபவர்:
நான் அஃபேசியா. மகள் பக்கத்தில், எழுத்துத் திருத்துகிறாள்.
கல்யாண மண்டபம், சத்தம், வேண்டாம். கோயில், காலை, ஆள் குறைவு, நல்லது.
தலைக்குள் எல்லாம் இருக்கிறது. வாசல் அடைப்பு.
சிரித்த ஆள். அவரிடம் முதல் போங்கள். பயத்தில் சிரிப்பு. எனக்கும் அப்படி ஒரு நண்பர்.
பேச வேண்டாம். பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஸ்காபரோ மகன்:
எல்லாருக்கும் நன்றி. ஐயா, நீங்கள் சொன்னபடி சிரித்தவரிடமே முதலில் போனேன். அடுத்த ஆட்டம் அவர் வீட்டில்தான், தொலைக்காட்சி இல்லாத அறையில். அம்மாவும் அரைமனதாகச் சம்மதித்துவிட்டார். அக்கா, அட்டைகளை 250 வரை எழுதியிருக்கிறேன், போதுமா? அப்பா துணிந்து கேட்பவர்.

மார்க்கம் அக்கா:
300 வரை எழுதுங்கள். வெற்றுத்தாளும் தடித்த பேனாவும் இடக்கைப் பக்கம் இருக்கட்டும். தப்பான சீட்டு இறக்கிய கூட்டாளிக்கு என்னவர் கழுதைப் படம் வரைந்து நீட்டுவார்.