மறுமொழி: ‘மைனஸ் டெல்டா வி’க்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். மின்னேற்றி (சார்ஜர்) பற்றி எழுதும்போது ‘மைனஸ் டெல்டா வி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன போடலாம் என்ற கேள்விக்கு என் பதில் இது.

> விரைவு மின்னேற்றியில் மின்கலம் சூடாவதை ‘மிகைவெப்பம்’ என்று எல்லா இடத்திலும் போட்டுவிடலாமே?

போடலாம். ஆனால் சூடு விளைவுதான். நமக்குச் சொல் இல்லாமல் இடிப்பது அதற்கு ஒரு படி முன்னால். கலம் நிறைந்துவிட்டது என்று மின்னேற்றி எதைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது? மின்னழுத்தம் லேசாகக் குறையும் அந்த அடையாளத்தைத்தான் ஆங்கிலத்தில் ‘மைனஸ் டெல்டா வி’ என்கிறார்கள். அதற்குத்தான் பெயர் வேண்டும்.

திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு கலம் நிறையும்வரை, செலுத்தும் ஆற்றலில் பெரும்பகுதி வேதிமாற்றத்துக்கே செலவாகிறது. நிறைந்த பிறகு நேர்முனையில் ஆக்சிஜன் உண்டாகி, எதிர்முனைக்குப் போய் அங்கே வினைபுரிந்து தீர்கிறது. அதன்பின் தள்ளும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் சூடாகவே வெளிவரும். கலம் சூடேறியதும், அதுவரை ஏறிவந்த மின்னழுத்தம் உச்சத்தைத் தொட்டு லேசாகச் சரிகிறது. எவ்வளவு? 1.4 வோல்ட்டுக்கு மேல் நிற்கும் கலத்தில் சில மில்லிவோல்ட், அவ்வளவுதான். நிக்கல் காட்மியம் வகைக் கலத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வேகமாக ஏற்றினால்தான் இந்தச் சரிவு கண்ணில் படும். மெதுவாக ஏற்றும்போது சூடு அவ்வப்போது ஆறிவிடுவதால் சரிவே தெரியாமல் போகலாம். இரண்டு கலங்களைத் தொடராக வைத்து ஒன்றாக அளக்கும் மலிவு மின்னேற்றிகளில் இன்னொரு தொல்லை: ஒன்று நிறைந்து சரியும்போது மற்றது இன்னும் ஏறிக்கொண்டிருக்கும், கூட்டிப் பார்த்தால் சரிவு மறைந்துவிடும். முதல் கலம் கையில் பிடிக்க முடியாதபடி கொதிப்பது அப்போதுதான்.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘எதிர்மறை மின்னழுத்த வேறுபாடு’ என்று சொல்லுக்குச் சொல் போட்டால், கலத்தை முனை மாற்றிப் போட்டதைச் சொல்கிறோம் என்று படிப்பவர் நினைப்பார். ‘மின்னழுத்த வீழ்ச்சி’யைக் கம்பியில் ஏற்படும் இழப்புக்கு ஏற்கெனவே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

> ‘நிறைவிறக்கம்’ எப்படி?

கேட்க நன்றாக இருக்கிறது ஐயா, ஆனால் மின்னிறக்கம் என்றால் கலத்தைக் காலி செய்வது. நிறைவிறக்கம் என்றதும் ‘முழுக்கக் காலியாக்குவது’ என்று எடுத்துக்கொள்வார்கள், நாம் சொல்ல வருவதற்கு நேர் எதிர்!

என் பரிந்துரை ‘நிறைவுச் சரிவு’. எப்போது நடக்கிறது, என்ன நடக்கிறது, இரண்டும் சொல்லிலேயே இருக்கின்றன. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “ஒவ்வொரு கலத்தின் நிறைவுச் சரிவையும் தனித்தனியே கண்டு நிறுத்தும் மின்னேற்றி.” “நிறைவுச் சரிவு தவறினால் மிகையேற்றம் ஆகும், கலம் சூடாகும்.” இடறவில்லை. சூட்டைக் குறிக்க நீங்கள் சொன்ன மிகைவெப்பத்தையே வைத்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. லித்தியம் அயனிக் கலங்களுக்கு இந்தச் சொல்லை நீட்ட வேண்டாம். அங்கே மின்னழுத்தத்தைப் பெரும்பாலும் 4.2 வோல்ட்டில் பிடித்து வைத்து, மின்னோட்டம் தேய்வதைப் பார்த்து நிறுத்துகிறார்கள். சரிவு என்பதே கிடையாது.

நல்ல மின்னேற்றிகள் நிறைவுச் சரிவை மட்டும் நம்புவதில்லை. கலத்தின் வெப்பநிலை நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 டிகிரி செல்சியஸ் வேகத்தில் ஏறத் தொடங்கினாலும் நிறுத்திவிடும். அந்த வேகத்துக்கு ‘சூடேறு வீதம்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். எனக்கே அதில் முழுத் திருப்தி இல்லை, வேறு தோன்றினால் எழுதுங்கள்.