புதுப்பிப்பு: தோள்பட்டை வலிக்கு ட்ரை நீட்லிங் செய்துகொண்டேன்

எட்டு மாதமாக விடாத தோள்பட்டை வலிக்கு ட்ரை நீட்லிங் (இறுகிய தசையில் ஊசி குத்தி வலியைக் குறைக்கும் சிகிச்சை) செய்யலாமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். நான்கு முறை போய் வந்துவிட்டேன்.

முடி போல மெல்லிய ஊசி. மருந்து எதுவும் உள்ளே போவதில்லை. தோலில் நுழைந்ததே தெரியவில்லை. ஆனால் தசை முடிச்சில் பட்டதும், தூண்டிலில் மீன் துள்ளுவது போலச் சதை ஒருமுறை வெட்டி இழுத்தது. கத்திவிட்டேன், சரி, அதை விடுங்கள். அந்தத் துடிப்பைத்தான் தேடினேன் என்றார் ஊசி போட்ட பிசியோதெரபிஸ்ட்.

மறுநாள் முழுக்க அடி வாங்கியது போல ஒரே வலி. அது அடங்கிய பிறகு கழுத்து தாராளமாகத் திரும்பியது. முதல் முறை மூன்றே நாளில் பழைய இறுக்கம் வந்துவிட்டது. தோள் பயிற்சிகளை ஒழுங்காகச் செய்யத் தொடங்கிய பிறகுதான் பலன் நிலைத்தது. ஊசி மட்டும் போதும் என்று நினைத்தது என் தப்பு.

அக்குபங்சரா என்று கேட்டவருக்கு: ஊசி அதேதான், எங்கே குத்துவது என்று முடிவு செய்யும் முறை வேறு. அப்புறம், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள். தோள், விலாப் பக்கம் ஆழமாகப் போனால் அரிதாக நுரையீரலில் துளை விழலாம். ஊசிக்குப் பின் மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஐந்தாவது முறை அடுத்த வாரம்.