பத்தாம் வகுப்போடு கணிதத்தை விட்டவர் கல்லூரி நுண்கணிதத்தை இணையவழியில் படிக்க முடியுமா?

திருப்பூர்க் கணக்கர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் பி.காம். பட்டதாரி, பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் பணியாற்றுகிறேன். மேல்நிலையில் கணினிப் பயன்பாடுகள் அடங்கிய வணிகவியல் பிரிவை எடுத்ததால், பத்தாம் வகுப்புக்குப் பிறகு கணிதத்தை ஒரு பாடமாக நான் படித்ததே இல்லை. தரவுப் பகுப்பாய்வில் முதுநிலைப் படிப்பில் சேர விசாரித்தபோது, ஒரு பருவ அளவிலாவது கல்லூரி நுண்கணிதம் (கால்குலஸ்) படித்ததற்கான சான்று வேண்டும் என்றார்கள். வேலையை விட முடியாது என்பதால் இணையவழியில் படிப்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒன்றரை மணி நேரம் ஒதுக்க முடியும்.

நேரடியாகக் கல்லூரிப் பாடத்தில் சேரலாமா, அல்லது பள்ளிக் கணிதத்தை முதலில் முடிக்க வேண்டுமா? விரிவுரைகள் ஆங்கிலத்தில் இருப்பது எனக்குத் தடையாகுமா? காணொளிகளைப் பார்க்கும்போது எல்லாம் புரிவது போலவே இருக்கிறது. ஆனால் அதே கணக்கைத் தனியாகப் போட உட்கார்ந்தால் இரண்டாவது வரியிலேயே நின்றுவிடுகிறேன். இது எல்லோருக்கும் நேர்வதா, எனக்கு மட்டுமா?

சுண்ணக்கட்டி (பதில்):

உங்கள் கடைசிக் கேள்விதான் முக்கியமானது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். நான் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர்களுக்குக் கணிதம் நடத்துகிறேன். நுண்கணிதத்தில் தேறாமல் போகிறவர்களின் விடைத்தாள்களைப் பார்த்தால், அவர்களில் பெரும்பாலோர் வகையிடலில், அதாவது ஓர் அளவு மாறும் வேகத்தைக் கண்டுபிடிக்கும் முறையில், தவறுவதில்லை. பின்னங்களைக் கூட்டுவதிலும், அடைப்புக்குறியைத் திறப்பதிலும், குறை அடுக்குகளைக் கையாள்வதிலும்தான் சறுக்குகிறார்கள். விரிவுரையாளர் கரும்பலகையில் ஒரே மூச்சில் கடந்துபோகும் அந்த நடுவரிகளைக் காணொளியில் பார்க்கிறவர் தாமும் கடந்துவிட்டதாகவே எண்ணிக்கொள்கிறார். தனியாகப் போடும்போதுதான் அங்கே பள்ளம் இருப்பது தெரிகிறது. வகுப்பறையில் மாணவர்களின் முகத்தைப் பார்த்து நாங்கள் நிறுத்தி விளக்குவோம். இணையவழிப் பாடத்தில் அந்த வாய்ப்பு இல்லை. இரண்டாவது வரியில் நிற்பது உங்களுக்கு மட்டும் நேர்வதன்று.

ஆகவே பாடத்தில் சேரும் முன் உங்களை நீங்களே சோதித்துப் பாருங்கள். கணிப்பான் இல்லாமல், தாளில், ஒவ்வொரு படியையும் எழுதிச் செய்யுங்கள். 8-ஐ மூன்றில் இரண்டு என்ற அடுக்குக்கு உயர்த்தினால் என்ன கிடைக்கும்? ஒன்றின் கீழ் 'வர்க்கமூலம் 5 கழித்தல் 2' என்றிருக்கும் பின்னத்தில், பகுதியிலுள்ள வர்க்கமூலத்தை எப்படி நீக்குவீர்கள்? பத்தை அடிமானமாகக் கொண்ட மடக்கையில் (பத்தை எந்த அடுக்குக்கு உயர்த்தினால் ஓர் எண் கிடைக்கும் என்பதே அதன் மடக்கை) 2-இன் மதிப்பு 0.3010 என்றால், 5-இன் மதிப்பைப் பட்டியல் பார்க்காமல் சொல்ல முடியுமா? 30 பாகை என்பது எத்தனை ரேடியன்? இவற்றுள் ஒன்றிரண்டில் தடுமாறினால் பரவாயில்லை. எல்லாவற்றிலும் தடுமாறினால் கல்லூரிப் பாடத்தின் இரண்டாம் வாரத்திலேயே மனம் சோர்ந்துவிடும்.

இதைச் சரிசெய்யத் தமிழ்நாடு அரசின் பதினொன்றாம் வகுப்புக் கணித நூலின் தமிழ்வழிப் பதிப்பே போதும். அது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அடிப்படை இயற்கணிதம், முக்கோணவியல் ஆகிய இயல்களை முடித்துவிட்டு, இரண்டாம் தொகுதியில் எல்லைகள், தொடர்ச்சித்தன்மை, வகையிடல் முறைகள், தொகை நுண்கணிதம் ஆகியவற்றைப் படியுங்கள். கல்லூரியில் முதல் பருவத்தில் நடத்துவதில் கணிசமான பகுதி அங்கேயே இருக்கிறது என்பதைக் கண்டால் உங்களுக்கே வியப்பாக இருக்கும். ஆங்கில விரிவுரை பற்றிய அச்சமும் அதோடு பாதி குறைந்துவிடும். கருத்து முன்பே தெரிந்திருந்தால் கணித விரிவுரையின் ஆங்கிலம் மிகச் சிறிய சொற்களஞ்சியம்தான். தொழில்நுட்பவழிக் கற்றலுக்கான தேசியத் திட்டமான என்.பி.டெல்.லின் சில பாடங்களுக்குத் தமிழ் எழுத்துரையும் உண்டு.

இரவுப் படிப்பாளி (பதில்):

சான்றிதழ் தேவை என்பதால் என்.பி.டெல். பற்றி விவரமாகச் சொல்கிறேன்; வேலை பார்த்துக்கொண்டே நானும் அதில்தான் படித்தேன். பாடங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்குகின்றன. சேர்வதற்கும் காணொளி பார்ப்பதற்கும் கட்டணம் இல்லை. தேர்வு எழுதுவதற்கு மட்டும் கட்டணம் உண்டு. தேர்வு வீட்டிலிருந்து எழுதுவதன்று, குறிப்பிட்ட மையத்துக்கு நேரில் செல்ல வேண்டும். வாராந்திர ஒப்படைப்புகளுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75 மதிப்பெண். ஒப்படைப்பில் 25-க்குக் குறைந்தது 10-ம், தேர்வில் 75-க்குக் குறைந்தது 30-ம் தனித்தனியே எடுத்தால்தான் சான்றிதழ் கிடைக்கும். பன்னிரண்டு வாரப் பாடமாக இருந்தால் ஒப்படைப்புகளில் சிறந்த எட்டையே கணக்கில் கொள்கிறார்கள் என்பதால், மாத இறுதிக் கணக்கு முடிப்பில் ஒரு வாரம் தவறினாலும் கலங்க வேண்டாம்.

பொறி இருப்பது அந்த 25 மதிப்பெண்ணில்தான். ஒப்படைப்பை வீட்டிலிருந்து செய்கிறோம். கணக்கைப் படமெடுத்தால் விடையைப் படிப்படியாகத் தந்துவிடும் செயலிகள் கைப்பேசியிலேயே உள்ளன. விடைகள் புலனக் குழுக்களிலும் சுற்றுகின்றன. அவற்றை நம்பி 25-க்கு 24 வாங்கியவர்கள் தேர்வுக்கூடத்தில் திகைத்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ஒப்படைப்பில் உண்மையாகக் கிடைக்கும் 14 மதிப்பெண், எந்த அத்தியாயத்தை மீண்டும் படிக்க வேண்டும் என்பதையாவது உங்களுக்குச் சொல்லும்.

நான் பின்பற்றிய முறை ஒன்று உண்டு. விரிவுரையாளர் ஓர் எடுத்துக்காட்டைத் தொடங்கியதும் காணொளியை நிறுத்திவிட்டு, நானே குறிப்பேட்டில் போட்டுப் பார்ப்பேன்; அதன் பிறகே தொடர்ந்து ஓட விடுவேன். 5 மீட்டர் ஏணி ஒன்று சுவரில் சாய்ந்திருக்கிறது. அதன் அடி சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்கும்போது, நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் விலகிக்கொண்டிருக்கிறது. அந்தக் கணத்தில் ஏணியின் உச்சி எவ்வளவு வேகமாகக் கீழிறங்கும் என்பது எல்லா நூல்களிலும் வரும் கணக்கு. விடை நொடிக்கு 0.75 மீட்டர். காணொளியில் இது இரண்டு நிமிட வேலை. தனியாகப் போடும்போது, எது மாறாத அளவு, எவை காலத்தோடு மாறுகின்றன, 3 என்ற எண்ணை வகையிடுவதற்கு முன்பா பின்பா பிரதியிடுவது என்ற மூன்று தீர்மானங்களையும் நாமே எடுக்க வேண்டியிருக்கிறது. பயிற்சி தேவைப்படுவது அந்தத் தீர்மானங்களுக்குத்தான். இப்படிப் படித்தால் அரைமணி நேர விரிவுரை உங்களுடைய ஒன்றரை மணி நேரத்தையும் விழுங்கிவிடும், அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

பணம் கட்டும் முன், நீங்கள் சேர விரும்பும் கல்லூரியின் சேர்க்கைப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, இந்தச் சான்றிதழை ஏற்பார்களா என்று எழுத்து வடிவில் பதில் வாங்கிவிடுங்கள். தொலைபேசியில் சொன்னதற்குச் சாட்சியில்லை.

மறுகரை (பதில்):

சுண்ணக்கட்டி ஐயா சொன்னதில் ஒரு பகுதியை ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. பள்ளிக் கணிதத்தை முழுமையாக முடித்துவிட்டுத்தான் நுண்கணிதம் என்று தொடங்குகிறவர்களில் பலர் முக்கோணவியலிலேயே தங்கிவிடுகிறார்கள்; நுண்கணிதத்தின் சுவையை அவர்கள் ஒருநாளும் அறிவதில்லை. இரண்டையும் ஒன்றாகத் தொடங்கலாம் என்பது என் கருத்து. அதிலும் கணக்குப் பிரிவில் பணியாற்றும் ஒருவருக்கு விரிதாள் கைவந்த கலை.

விரிதாளில் இதைப் போட்டுப் பாருங்கள்: 3-இன் வர்க்கம் 9. 3.1-இன் வர்க்கம் 9.61, வேறுபாட்டை 0.1-ஆல் வகுத்தால் 6.1 கிடைக்கும். 3.01-க்குச் செய்தால் 6.01, 3.001-க்கு 6.001. இந்த வரிசை 6-ஐ நோக்கிச் செல்கிறது என்பதைத் தம் கையால் கண்டுவிட்டவருக்கு, வகையிடலில் கிடைக்கும் வகைக்கெழு என்பது என்னவென்று வேறொருவர் விளக்க வேண்டியதில்லை. அதேபோல் 1 ரூபாய்க்கு ஆண்டுக்கு 100 விழுக்காடு வட்டி என்று வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கூட்டினால் 2 ரூபாய். அரையாண்டுக்கு ஒருமுறை கூட்டினால் 2.25; மாதந்தோறும் கூட்டினால் ஏறத்தாழ 2.613, நாள்தோறும் கூட்டினால் ஏறத்தாழ 2.7146. எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துக் கூட்டினாலும் 2.71828 என்று தொடங்கும் எண்ணைத் தாண்டாது. கூட்டுவட்டி தெரிந்த உங்களுக்கு எல்லை என்ற கருத்து ஏற்கெனவே பழகியதுதான், பெயர்தான் புதிது.

பாடத் தேர்வைப் பொறுத்தவரை, பொறியாளர்கள், அறிவியலாளர்களோடு பொருளியலாளர்களையும் கருத்தில் கொண்டு கான்பூர் ஐ.ஐ.டி. உருவாக்கிய அடிப்படை நுண்கணிதப் பாடம் என்.பி.டெல்.லில் உள்ளது. எல்லாப் பாடங்களும் ஒவ்வொரு பருவத்திலும் தேர்வோடு நடத்தப்படுவதில்லை என்பதால், வரவிருக்கும் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். கூடுதல் பயிற்சிக்கு, அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் 18.01 என்ற முதல் நுண்கணிதப் பாடத்தின் விரிவுரைகள், கணக்குத்தாள்கள், தேர்வுகள், விடைகள் ஆகியவற்றைத் தன் திறந்தவெளிப் பாடத் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதில் சான்றிதழும் கிடையாது, நம் விடையைத் திருத்தித் தருவோரும் இல்லை. ஆனாலும் அந்தப் பழைய தேர்வுத்தாள்களை நேரம் குறித்து எழுதிப் பார்ப்பதற்கு ஈடான பயிற்சியை நான் வேறெங்கும் காணவில்லை.

திருப்பூர்க் கணக்கர்:

மூவருக்கும் நன்றி. சோதனைக் கணக்குகளைச் செய்து பார்த்தேன். முதலாவதற்கு 4 என்று வந்தது. பகுதியில் வர்க்கமூலத்தை நீக்கியபோது 'வர்க்கமூலம் 5 கூட்டல் 2' கிடைத்தது. மடக்கைக் கணக்கும் ரேடியன் கணக்கும் வரவில்லை. ரேடியன் என்ற சொல்லையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். வட்டிக் கணக்கை விரிதாளில் போட்டுப் பார்த்தபோது மணிக்கு ஒருமுறை, நிமிடத்துக்கு ஒருமுறை என்றும் நீட்டிப் பார்த்தேன். உண்மையாகவே எண் அசையாமல் நின்றுவிட்டது. இனி எங்கிருந்து தொடங்குவது? நான் எழுதும் படிகள் சரியா என்று யாரிடம் காட்டுவது?

சுண்ணக்கட்டி:

இரண்டு விடைகளும் சரி. மறுகரை சொன்னதையும் உங்கள் அளவில் ஏற்கிறேன். இயற்கணிதம் இந்த அளவுக்குக் கையில் இருக்கும்போது முழு நூலையும் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ரேடியனை மட்டும் பாடம் தொடங்குவதற்குள் முடித்துவிடுங்கள். சைன் சார்பை வகையிட்டால் கொசைன் கிடைக்கும் என்ற விதி கோணத்தை ரேடியனில் அளந்தால் மட்டுமே அப்படியே பொருந்தும். பாகையில் அளந்தால் ஒவ்வொரு முறையும் 180-இல் ஒரு பங்கு பை என்ற பெருக்கற்காரணி கூடவே வரும். 180 பாகை என்பது பை ரேடியன், ஆகவே 30 பாகை என்பது ஆறில் ஒரு பங்கு பை. மடக்கை சற்றுப் பின்னரே தேவைப்படும். அதை ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஒதுக்குங்கள். 2-ஐயும் 5-ஐயும் பெருக்கினால் 10 என்பதும், 10-இன் மடக்கை 1 என்பதும், எண்களைப் பெருக்கும்போது அவற்றின் மடக்கைகள் கூடும் என்பதும் நினைவிருந்தால், 1-இலிருந்து 0.3010-ஐக் கழித்து 0.6990 என்று சொல்லிவிடலாம்.

படிகளைக் காட்டுவதற்கு, பாடத்தோடு இணைந்த கலந்துரையாடல் பகுதியில் கையால் எழுதியதைத் தெளிவாகப் படமெடுத்து இடுங்கள். 'இந்தக் கணக்குக்கு விடை என்ன' என்று கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். 'மூன்றாவது வரியிலிருந்து நான்காவது வரிக்கு நான் சென்றது சரியா' என்று கேட்டால் பதில் வரும். இங்கே இட்டாலும் நான் பார்க்கிறேன்; ஆனால் விடைத்தாள் திருத்தும் மாதங்களான ஏப்ரலிலும் நவம்பரிலும் பதில் தாமதமாகும்.