மூன்று நிமிடம் என்றார்கள், எனக்கு ஏழு ஆனது

எங்கள் வீட்டில் பால் இல்லாத காபி என்றால் அன்று பால் பாக்கெட் வரவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட வீட்டுக்குத் தங்கை ஒரு வி60 ட்ரிப்பரும் (பேப்பரை உள்ளே வைத்துக் காபி வடிக்கும் கூம்பு) நூறு பேப்பர் ஃபில்டரும் பரிசாகக் கொண்டுவந்தாள். தூள் மேல் கையால் வெந்நீர் ஊற்றி வடிப்பதை "போர் ஓவர் காபி" என்று அவள் சொன்னதும் அம்மா, "யாருக்கும் யாருக்கும் போர்?" என்றார். அன்றிலிருந்து நான் கெட்டிலை எடுத்தாலே "இன்னும் போர் ஓயலையா?" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும்.

முதல் நாள் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். டப்பாவில் இருந்த ஃபில்டர் காபித் தூளையே போட்டேன், சிக்கரி கலந்தது. நான்கு கரண்டி தூள், மேலே கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர். முதலில் சொட்டியது, அப்புறம் நின்றுவிட்டது. ஏரி மாதிரி தண்ணீர் மேலேயே நிற்கிறது, கீழே ஒரு நூல் கூட இல்லை. ஏழு நிமிடம் கழித்து இறங்கியதைக் குடித்தால் வேப்பங்கொழுந்துக் கஷாயம்.

நம் டிகாக்ஷன் தூள் அரைக்கப்படுவதே பித்தளை ஃபில்டருக்காக. அதற்கு அவசரம் இல்லை, அரை மணி நேரம் சொட்டிக்கொண்டே இருக்கும். சிக்கரி தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அங்கே அதுதான் வேண்டும். அதே நைஸ் தூள் பேப்பரில் விழுந்தால் நுண்ணிய துளைகளை எல்லாம் அடைத்துக்கொள்கிறது.

சரி என்று சிக்மகளூர் அராபிகா கொட்டையும் ஒரு கை கிரைண்டரும் வாங்கினேன். (அம்மாவிடம் "கிரைண்டர் வாங்கினேன்" என்று சொன்னதில் வந்த குழப்பம் தனிக்கதை.) இப்போது இரண்டாவது தவறு. மூன்று நிமிடத்தில் முடிய வேண்டும் என்று எங்கோ படித்ததால், ஸ்டாப்வாட்ச் மூன்றைத் தொட்டதும் ட்ரிப்பரைத் தூக்கிவிடுவேன், மேலே பாதித் தண்ணீர் இருந்தாலும் சரி. ஒரு நாள் கெட்டி, ஒரு நாள் தண்ணி, எல்லா நாளும் ஏதோ ஒரு குறை. நேரம் என்பது நாம் கொடுக்கிற உத்தரவு இல்லை, அரைத்த பதம் சொல்கிற பதில் என்று புரிய இரண்டு மாதம் ஆனது. நாலு நிமிடம் ஆனால் தூள் நைஸ், ஒன்றே முக்கால் நிமிடத்தில் ஓடிவிட்டால் தூள் பரபர. கை வைக்க வேண்டியது கிரைண்டரில்.

இப்போது செய்வது: 15 கிராம் தூள், 250 கிராம் தண்ணீர். பதம் நைஸ் ரவைக்குக் கொஞ்சம் மேலே. பேப்பரை வெந்நீரில் நனைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவேன், காகித வாடை போகும், ட்ரிப்பரும் சூடேறும். முதலில் 45 கிராம் ஊற்றி ஒரு சுழற்று. இதைத்தான் ப்ளூம் என்கிறார்கள், தூளுக்குள் இருக்கும் கரியமில வாயு வெளியேறுகிற கட்டம். 40 விநாடி காத்திருந்து, நடுவிலிருந்து வட்டமாக, தராசு 150 காட்டும் வரை, கொஞ்சம் இறங்கியதும் 250 வரை. ஒன்றே முக்கால் நிமிடத்துக்குள் ஊற்றி முடித்தால் கடைசிச் சொட்டு 2:50 வாக்கில் விழும்.

நாக்கைப் பற்றி ஒன்று. புளித்தால் சாறு போதுமான அளவு இறங்கவில்லை, கசந்தால் அளவுக்கு மேல் இறங்கிவிட்டது என்பார்கள். எனக்கு இவை இரண்டையும்விடத் துவர்ப்புதான் நல்ல அடையாளம். வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்த மாதிரி நாக்கு இழுத்துப் பிடித்தால், தண்ணீர் ஒரே பக்கமாக வழி கண்டுபிடித்து ஓடியிருக்கிறது. சக்கையைப் பாருங்கள், ஒரு ஓரம் பள்ளமாக இருக்கும். உங்கள் அனுபவம் என்ன?

ஊட்டியிலிருந்து

எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை, எப்போதும் புளிப்பு. "93 டிகிரிக்கு ஆறவிடுங்கள்" என்று சமவெளிக்காரர்கள் சொல்வதைக் கேட்டு, கொதித்த தண்ணீரை இரண்டு நிமிடம் ஆறவைத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் இருப்பது 2,200 மீட்டருக்கு மேலே. இங்கே தண்ணீர் கொதிப்பதே 93 டிகிரிக்குப் பக்கத்தில்தான்! அதையும் ஆறவைத்து, டிசம்பர் காலையில் ஐஸ் மாதிரி கிடக்கும் பீங்கான் ட்ரிப்பரில் ஊற்றினால் என்ன மிஞ்சும்? இப்போது அடுப்பிலிருந்து இறக்கியவுடன் ஊற்றுகிறேன். ட்ரிப்பரும் பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டது, அழகு குறைவு, ஆனால் சூட்டை உறிஞ்சாது.

இன்னொன்று. தெரிந்தவர் தோட்டத்துக் கொட்டை, முந்தின நாள் வறுத்தது, கமகமவென்று வந்தது. ஆசையாக அரைத்து 45 கிராம் ஊற்றினேன். ஆப்பச்சட்டியில் மாவு ஊற்றியது போலக் கொப்புளம் கொப்புளமாக உப்பியது. வீடியோ எல்லாம் எடுத்தேன். காபி படுமோசம். வாயு தண்ணீரைத் தூளுக்குள் விடவே இல்லை. மீதியை மூடிவைத்துப் பத்து நாள் கழித்துப் போட்டால் வேறு கொட்டையோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு இனிப்பு. அவசரத்துக்கு நேற்று வறுத்ததுதான் இருக்கிறது என்றால் ப்ளூமை ஒரு நிமிடம் வரை நீட்டுங்கள், ஓரளவு தப்பிக்கலாம்.

கோவையிலிருந்து சென்னைக்கு வந்தவர்

யாரும் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லையே. சிறுவாணி குடித்து வளர்ந்த நாக்கு என்னுடையது. வேலை மாற்றலில் இங்கே வந்தபோது அதே கொட்டை, அதே கிரைண்டர், அதே அளவு. காபி மட்டும் செத்துப்போயிருந்தது. புளிப்பும் இல்லை, கசப்பும் இல்லை, நனைந்த அட்டை. பதத்தை மாற்றி மாற்றி ஒரு மாதம் போனது. கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்த உப்பைச் சுரண்டும்போதுதான் உறைத்தது. கடினத் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் காபியின் புளிப்பை எல்லாம் அமுக்கிவிடுகிறது.

உடனே ஆர்.ஓ. தண்ணீருக்குப் போனேன். அது மறுகோடி. தாது எதுவும் மிச்சமில்லாத தண்ணீரில் சாறு சரியாக இறங்குவதில்லை, கூர்மையாகவும் வெறுமையாகவும் இருந்தது. கடைசியில் முக்கால் பங்கு ஆர்.ஓ., கால் பங்கு கொதிக்கவைத்துத் துணியில் வடிகட்டிய குழாய்த் தண்ணீர் என்று நின்றிருக்கிறேன். உங்கள் தெருத் தண்ணீருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராமல் போகலாம்.

தஞ்சாவூரிலிருந்து

வளைந்த மூக்குக் கெட்டில் இல்லாமல் சொம்பிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தவள் நான். தடதடவென்று விழுந்து தூளின் நடுவில் கிணறு வெட்டிவிடும். ஒரு நாள் பரணில் ஏதோ தேடும்போது பாட்டியின் பித்தளைக் கெண்டி கிடைத்தது. புளி போட்டுத் தேய்த்தேன். மூக்கு வழியாக நூல் பிடித்தாற்போல் தண்ணீர் வருகிறது! காது மட்டும் பயங்கரமாகச் சுடும், துணி சுற்றிக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நேரத்தில் தராசையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் தெட்சு கசுயாவின் 4:6 முறைதான். 2016 உலக ப்ரூவர்ஸ் கோப்பையை (காபி வடிக்கும் போட்டி) வென்ற ஜப்பானியர். 20 கிராம் தூள், 300 கிராம் தண்ணீர், அறுபது அறுபதாக ஐந்து தடவை, 45 விநாடிக்கு ஒரு முறை. மூன்றரை நிமிடத்தில் முடியும். முதல் இரண்டு ஊற்றல் இனிப்பு-புளிப்பு கணக்குக்கு, மீதி மூன்றும் கெட்டிக்கு. தூள் நன்றாகப் பெரிதாக இருக்க வேண்டும், கல்லுப்பைக் கொஞ்சம் நுணுக்கின மாதிரி. நடுவில் சாக்ஸ் தேடப் போய்வர நேரம் இருக்கிறது, அதுதான் எனக்குப் பிடித்த அம்சம்.

பேப்பர் ஃபில்டரே ஒரு வீட்டம்மாவின் வேலைதான், தெரியுமா? 1908இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் மெலிட்டா பென்ட்ஸ் என்பவர் பித்தளைப் பாத்திரத்தில் ஆணியால் துளை போட்டு, மகனின் நோட்டிலிருந்த மையொற்றித் தாளைக் கிழித்து வைத்து வடிகட்டினார்.

திரும்பவும் நான், தொடங்கியவன்

மையொற்றித் தாள் கதையை அம்மாவிடம் சொன்னேன். "அப்போ மையையும் சேர்த்துல்ல குடிச்சிருப்பா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீரைக் கலந்து பார்த்தேன், முக்காலுக்குக் கால். கடிகாரத்தில் 2:55, சக்கை சமமாக உட்கார்ந்திருந்தது. இவ்வளவு நாளும் எனக்குத் தட்டுப்படாத ஒரு ஆரஞ்சுத்தோல் வாசம், ஆறிய பிறகு இன்னும் நன்றாகத் தெரிந்தது. அம்மாவுக்கு ஒரு வாய் கொடுத்தேன். "தண்ணியாத்தான் இருக்கு. ஆனா நாக்குல நிக்குது" என்று சொல்லிவிட்டு, டபராவை எடுத்துக்கொண்டு தன் டிகாக்ஷனைப் பார்க்கப் போய்விட்டார்.

ஆறும்போது லேசாக ஒரு புளிப்பு எட்டிப்பார்த்தது. நாளைக்குக் கிரைண்டரை இரண்டு க்ளிக் திருப்பி இன்னும் நைஸாக அரைத்துப் பார்க்கிறேன்.